யாரும் இருமாத அறை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கதை கட்டத் தெரிந்தவள் இல்லை நான். முப்பத்தோரு வருடம் கார்ஸ்டேல் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தவள். பேய், பிசாசு என்று எந்தப் பிள்ளையாவது ஆரம்பித்தால், "முதல்ல தட்டைக் காலி பண்ணு, அப்புறம் பேய் வரட்டும்" என்று விரட்டியிருக்கிறேன். ஆனால் போன ஜனவரியில், எங்கள் ஊர் கிளினிக்கில் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது என் கோட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கனவில் கோட்டு நனையாது.

என் கணவன் வில்ஃப் அக்ராய்ட், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவனுக்கு இருமல் பிடித்தது. பிடித்தது விடவில்லை. புத்தாண்டு வருவதற்குள் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டான். ஒருநாள் அவன் கைக்குட்டையைத் துவைக்கப் போட்டபோது சிவப்பாக ஒரு கறை. கேட்டேன்.

"பீட்ரூட்" என்றான்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் பீட்ரூட்டே வாங்கவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்றால் அவன் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "வெறும் இருமல்தானே நோரீன். நிஜமாவே நோயாளிங்க எத்தனை பேர் இருக்காங்க. அந்த மனுஷனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?" எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். கை ஒடிந்து தொங்கினாலும், "ஒண்ணுமில்ல, லேசா இடிச்சுக்கிட்டேன்" என்பார்கள்.

அவனைச் சம்மதிக்க வைத்தாலும் டாக்டரைப் பார்ப்பது சுலபமில்லை. காலை எட்டு மணிக்குத்தான் கிளினிக் போன் எடுக்கும். எட்டு அடிப்பதற்குள் ஊரே கூப்பிடும். ஒரு இயந்திரக் குரல், "நீங்கள் வரிசையில் பத்தொன்பதாவது இடத்தில் இருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டைப் போட்டுவிடும். திரும்பத் திரும்ப அதே பாட்டு. நம் முறை வரும்போது அன்றைய இடங்கள் எல்லாம் தீர்ந்திருக்கும்.

"அந்தப் பாட்டை இன்னும் ரெண்டு தடவை கேட்டா, நான் எழுந்து ஆடியே குணமாயிடுவேன்" என்பான் வில்ஃப், இருமிக்கொண்டே.

கிளினிக்கில் போன் எடுக்கும் பெவர்லி என் கையால் மதியச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த பெண்.

"பெவ், நான் நோரீன் பேசறேன்."

"ஐயோ மிஸஸ் அக்ராய்ட், இப்பதான் கடைசி இடம் போச்சு. நாளைக்கு எட்டு மணிக்கு…"

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"நாளைக்கும் இதையேதான் சொல்வேன் போலிருக்கு. என் சொந்த அம்மாவுக்கே இடம் வாங்கித் தர முடியல. நெஞ்சு வலி கிலி வந்தா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, என்ன?"

அவள் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? ஒவ்வொரு நாளும் போன் செய்தேன். ஒவ்வொரு நாளும் வில்ஃப் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தான்.

அந்த நாள் வந்தது. மதியம் மூன்று மணிக்கு மேல் இருக்கும். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. போன் அடித்தது.

"மிஸஸ் அக்ராய்ட்? கிளினிக்லேர்ந்து பேசறேன். ஒருத்தர் வரமாட்டேன்னுட்டார். ஒரு இடம் காலியா இருக்கு. உங்க வீட்டுக்காரரைச் சாயங்காலம் அஞ்சே முக்காலுக்குக் கூட்டிட்டு வாங்க."

வயதான பெண் குரல். பெவர்லி இல்லை. எனக்கிருந்த சந்தோஷத்தில் யார் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. போனை வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. எங்கள் கிளினிக்கிலிருந்து யார் பேசினாலும் பின்னால் இரண்டு மூன்று போன்கள் அலறிக்கொண்டே இருக்கும். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

அதற்கு மேல் நான் அதை யோசிக்கவில்லை. வில்ஃபுக்கு நல்ல சட்டையாக எடுத்து வைத்தேன்.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. சேப்பல் தெரு ஏற்றத்தில் வில்ஃப் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினான். தெருவில் ஒரு ஆள் இல்லை. மேலே கிளினிக்கில் மட்டும் விளக்கு எரிந்தது. கதவு தானாகத் திறந்தது. வாசலில் கைக்குப் பூசும் மருந்து. சுவரில் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லும் விளம்பரங்கள். எல்லாம் வழக்கம்போலத்தான். வரவேற்புக் கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை. அதுவும் புதிதல்ல. இப்போதெல்லாம் சுவரில் இருக்கும் திரையில் நாமே பிறந்த தேதியைத் தட்டினால் போதும்.

வில்ஃப் தட்டினான். வழக்கமாக, "டாக்டர் நாற்பது நிமிடம் தாமதம்" என்று வரும். அன்று வந்த வரி வேறு.

"வந்துவிட்டீர்கள். நல்லது. உட்காருங்கள்."

"பரவாயில்லையே, மரியாதையெல்லாம் கத்துக்கிட்டிருக்கு" என்றான் வில்ஃப்.

உள்ளே எட்டுப் பேர் இருந்தார்கள். எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவரும் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாங்கள் சுவரோரமாக உட்கார்ந்தோம். எதிரே வெள்ளை ஏப்ரன் கட்டிய பருத்த மனிதர். மூலையில் பைஜாமா போட்ட ஒரு கிழவர். வில்ஃபுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம், ஒரு நாற்காலி தள்ளி, மஞ்சள் நிற இரவு அங்கி போட்ட இளம்பெண். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அழுகைச் சத்தமே வரவில்லை.

ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்ன என்று பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

ஜனவரி மாதம். டாக்டரின் காத்திருப்பு அறை. யாரும் இருமவில்லை. யாரும் மூக்கை உறிஞ்சவில்லை.

வில்ஃபும் இருமவில்லை.

"பாரேன் நோரீன்" என்றான் மெதுவாக. "இங்க வந்து உட்கார்ந்ததும் நின்னுபோச்சு. எப்பவும் இப்படித்தான். வீட்டுக்குப் போயிடலாமா?"

"எழுந்தே, காலை ஒடிச்சிடுவேன்."

சிரித்தான். அந்த அறையில் அவன் சிரிப்பு ரொம்பப் பெரிதாகக் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

'பீப்' என்று ஒலித்தது. சுவரில் இருந்த பலகையில் சிவப்பு எழுத்தில் ஒரு பெயர் ஓடியது. ஏப்ரன் கட்டியவர் எழுந்தார். நடைவழிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். ஸ்பிரிங் வைத்த கதவு. 'க்ளக்' என்று மூடியது.

பலகையில் பெயர் மட்டும்தான் வந்தது. எந்த டாக்டர், எந்த அறை… ஒன்றும் இல்லை.

மறுபடி 'பீப்'. ஒரு நடுத்தர வயதுப் பெண் போனாள். 'க்ளக்.'

எங்கள் கிளினிக்கில் டாக்டரைப் பார்த்துவிட்டு அதே கதவு வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். வேறு வழி கிடையாது. நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

மூலையில் இருந்த கிழவரின் கால்களை அப்போதுதான் கவனித்தேன். செருப்பு இல்லை. பாதம் இரண்டும் நீலமாக இருந்தது.

வெளியே அப்படிக் கொட்டுகிறது. எங்கள் ஷூவிலிருந்து தரையெல்லாம் தண்ணீர். அவர் காலுக்குக் கீழே… ஒரு சொட்டு ஈரம் இல்லை. வேறு யார் காலுக்குக் கீழேயும் இல்லை.

'பீப்.'

வில்ஃப்ரெட் அக்ராய்ட்.

வில்ஃப் எழுந்தான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு அடி வைத்தான். மஞ்சள் அங்கிப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். வில்ஃப் நின்றுவிட்டான்.

"ரொம்ப நேரமா இருக்கீங்களாம்மா?"

அவள் தலையாட்டினாள். "எனக்கு முன்னாடி இருந்தவங்க, பின்னாடி வந்தவங்க, எல்லாரும் போயிட்டாங்க. என் பேர் வரவே இல்ல."

அடுத்து அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும். நாற்பத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

"அப்போ நீங்க போங்க கண்ணு."

"வில்ஃப்!" என்றேன். எத்தனை நாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்!

"இரு நோரீன். பாவம், அந்தப் பொண்ணு நிலைமையைப் பாரு. எனக்கு வெறும் இருமல்தானே."

அவள் எழுந்தாள். நம்ப முடியாதவளைப் போல அவனைப் பார்த்தாள். "நிஜமாவா சொல்றீங்க?"

"போங்க, போங்க. டாக்டர் டீ குடிக்கப் போயிடப் போறார்."

அவள் போனாள்.

'க்ளக்.'

பலகையில் வில்ஃபின் பெயர் அணைந்தது.

அப்போதுதான்… மீதி இருந்தவர்கள் எல்லோரும் தலையைத் திருப்பினார்கள். ஒரே நேரத்தில். அதுவரை யாரையும் பார்க்காதவர்கள். எல்லோரும் வில்ஃபையே பார்த்தார்கள்.

கோபம் இல்லை அந்த முகங்களில்.

பரிதாபம்.

அந்த நொடியில்தான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எப்படி மறந்தேன்?

அன்று புதன்கிழமை.

புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கிளினிக்கைப் பூட்டிவிடுவார்கள். டாக்டர்களுக்குப் பயிற்சி வகுப்பு. மறுநாள் காலை வரை திறக்க மாட்டார்கள்.

"வில்ஃப். எழுந்திரு."

"ஏன்? மறுபடி கூப்பிடுவாங்க."

"எழுந்திருன்னா எழுந்திரு!"

அவன் கையைப் பிடித்து இழுத்தேன். கிழவரைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தாண்டும்போது அவர் பேசினார். உதடு சரியாக அசையவில்லை.

"உட்காருங்க… இனிமே அவசரமில்ல."

கதவு தானாகத் திறக்கவில்லை.

தள்ளினேன்.

தோளை வைத்து இடித்தேன்.

திறந்தது.

பனிமழை முகத்தில் அறைந்தது. கேட்டைத் தாண்டினோம். வில்ஃபுக்கு இருமல் வந்தது. அப்படி ஒரு இருமல் அதுவரை வந்ததில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு மடங்கிவிட்டான்.

திரும்பிப் பார்த்தேன்.

கிளினிக் இருட்டாக இருந்தது. கதவில் பூட்டுத் தொங்கியது.

வீட்டுக்கு வந்ததும் வில்ஃப் தேநீர் கேட்டான். "கரண்ட் போயிருக்கும்" என்றான். அதற்கு மேல் அதைப் பற்றி அவன் பேசவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் எட்டு மணிக்குப் போன் செய்தேன்.

"நேத்தா? நேத்து புதன்கிழமை மிஸஸ் அக்ராய்ட்!" என்றாள் பெவர்லி. "ஒரு மணிக்கு நானேதான் பூட்டினேன். இங்கேர்ந்து யாரும் கூப்பிட்டிருக்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நாங்களே இங்க கலங்கிப் போய் உட்கார்ந்திருக்கோம். மில் தெருவுல தனியா இருந்தாரே மிஸ்டர் ஹெய்கிஷ், தெரியுமா? நேத்து சாயங்காலம் கொல்லைப்பக்கம் குப்பை போட வந்தவர் விழுந்துட்டாராம். இன்னிக்குக் காலையிலதான் பால்காரர் பார்த்திருக்கார். பைஜாமாவோட கிடந்தாராம். கால்ல செருப்புகூட இல்ல… மிஸஸ் அக்ராய்ட்? இருக்கீங்களா?"

இருந்தேன்.

அப்படியானால் நாங்கள் சாவின் வீட்டு வாசல்வரை போய்வந்திருக்கிறோம். அந்தக் கதவுக்குள் போனவர்கள் திரும்பவில்லை. என் வில்ஃப் போகவில்லை. அவனுடைய நல்ல குணம் அவனைக் காப்பாற்றிவிட்டது. அன்றிலிருந்து அப்படித்தான் நினைத்தேன். இருமல் அதிகமாகும் போதெல்லாம் அந்த நினைப்பைத்தான் பிடித்துக்கொண்டேன். பெயர் வந்தும் அவன் உள்ளே போகவில்லை, அவனுக்கு ஒன்றும் ஆகாது…

பெவர்லி எப்படியோ அடுத்த வாரத்தில் ஒரு இடம் பிடித்துக் கொடுத்தாள். டாக்டர் அவன் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். மறுபடி கேட்டார். அன்றைக்கே படம் எடுக்க அனுப்பினார். படத்தை எங்களுக்குக் காட்டும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. சந்தையில் மீன் வாங்கப் போயிருந்தேன். வில்ஃபுக்கு வேறு எதுவும் இறங்கவில்லை. பக்கத்துக் கறிக்கடையில் ஒரு பருத்த மனிதர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளை ஏப்ரன்.

என் கையிலிருந்த பை நழுவியது.

"பார்த்தும்மா, பார்த்து" என்று எடுத்துக் கொடுத்தார். "என்னைப் பார்த்தா எல்லாருமே பேயைப் பார்த்த மாதிரிதான் நிக்கறாங்க. செத்துப் பொழைச்சவன் நான். தெரியாதா? ஜனவரியில குளிர் அறைக்குள்ள விழுந்துட்டேன். நெஞ்சு நின்னுபோச்சு. புதன்கிழமை சாயங்காலம். ஆம்புலன்ஸ்காரனே கையை விரிச்சுட்டான். அப்புறம் பார்த்தா, தானா ஓட ஆரம்பிச்சிருக்கு!"

சிரித்தார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

நான் மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். வில்ஃபிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வேன்? அவன் கையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது.

மார்ச் மாதம் வில்ஃப் போய்விட்டான். கடைசி நாள்கூட, மருந்து ஏற்ற வந்த நர்ஸிடம், "உங்களுக்குத்தான் சிரமம்" என்றான்.

மே மாதம். மருந்துக் கடை. எனக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண். திரும்பினாள்.

அந்த முகத்தை நான் கை எட்டும் தூரத்தில் பார்த்திருக்கிறேன். மறக்க முடியுமா?

"எங்கயாவது பார்த்திருக்கோமா?" என்றாள். நான் அப்படிப் பார்த்தேன் போலிருக்கிறது.

"குழந்தைக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டேன்.

"நாலு. ஜனவரியில பொறந்தா. பொறந்த அன்னிக்கு நான் பொழைக்க மாட்டேன்னே சொல்லிட்டாங்க. ரத்தம் நிக்கவே இல்ல." குனிந்து குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். "அப்போ எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது. சொன்னா சிரிப்பீங்க. என் வீட்டுக்காரர் மயக்க மருந்து வேலைன்னு சொல்றார்."

"சொல்லும்மா."

"நான் ஒரு கிளினிக்ல உட்கார்ந்திருக்கேன். என் பேரைக் கூப்பிடவே இல்ல. பக்கத்துல ஒருத்தர், அவர் முறையை எனக்குக் கொடுத்துட்டார். முகம் ஞாபகமில்ல. குரல் மட்டும் ஞாபகமிருக்கு. நல்ல மனுஷன்."

வரிசை நகர்ந்தது. நாங்கள் இருவரும் நகரவில்லை.

"உள்ள டாக்டர் இருந்தாரா?" என்று கேட்டேன்.

"இருந்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் எனக்குப் பின்னாடி கதவைப் பார்த்தார். 'அவர் வரலையா?'ன்னு கேட்டார். 'அடடா… அவருக்கு ஒரு நிமிஷ வேலைதானே'ன்னார்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அந்த மனுஷன் அப்புறம் போய்ப் பார்த்திருப்பார், இல்லையாம்மா?"